ஷேக்ஸ்பியர் குலச்சின்னம்: மூன்று வரைவுகள், ஒரு புகார், ஒரு பதில்

ஷேக்ஸ்பியர் குடும்பத்துக்குக் குலச்சின்னம் வழங்கப்பட்டதற்கு நேரடிச் சான்றாக இன்று இருப்பவை மூன்று வரைவுத் தாள்கள். இரண்டு 1596-ஐச் சேர்ந்தவை, மூன்றாவது 1599-ஐச் சேர்ந்தது. மூன்றும், குலச்சின்னங்களை வழங்கிப் பதிவு செய்யும் அமைப்பான லண்டன் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸின் காப்பகத்தில் இருக்கின்றன. பதப்படுத்திய தோலில் எழுதி, வண்ணம் தீட்டி, முத்திரை தொங்கவிட்டுக் குடும்பத்திடம் கொடுக்கப்படும் இறுதிப் பட்டயம் கிடைக்கவில்லை.

இதைப் பெரிய இழப்பாகச் சொல்பவர்கள் உண்டு. வம்சாவளி ஆய்வுக்கு அது இழப்பே இல்லை. இறுதிப் பட்டயத்தில் எழுத்தர் எல்லாவற்றையும் சுத்தமாகப் பெயர்த்து எழுதிவிடுவார். எது அடிக்கப்பட்டது, எந்தச் சொல் வரிக்கு மேலே செருகப்பட்டது, எந்த உரிமைகோரல் பிறகு ஏறியது என்பதெல்லாம் அதில் மறைந்துவிடும். வரைவில் அவை அப்படியே நிற்கும். இந்த வழக்கில் முடிவைத் தருவது அந்த அடித்தல் திருத்தல்கள்தான்.

சின்னத்தை முதலில் படிப்பது

குலச்சின்னக் கையெழுத்துப்படி எதுவாக இருந்தாலும், படத்தைப் பார்ப்பதற்கு முன் வாசகத்தைப் படிக்க வேண்டும். இங்கிலாந்து மரபில் சட்டப்படி சின்னம் என்பது சொற்களால் ஆன விவரணை. படம் அதற்கு விளக்கம் மட்டுமே.

1596 வரைவின் விவரணை இவ்வளவுதான்: பொன்னிறக் கேடயம், அதன்மேல் கறுப்புக் குறுக்குப் பட்டை, பட்டையின்மேல் 'முதலாவதின்' ஈட்டி, ஈட்டியின் முனை வெள்ளி. பட்டை, பார்ப்பவருக்கு இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு இறங்கும். கேடயம் ஏந்தியவரின் வலப்புறத்தைத்தான் மரபு 'வலம்' என்கிறது. அது நமக்கு இடம். புதிதாகப் படிப்பவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது. அடுத்தது 'முதலாவதின்' என்ற சொல். ஒரே நிறத்தின் பெயரை இரண்டு முறை எழுதாமல் இருக்க, விவரணையில் முதலில் வந்த நிறத்தை இப்படிச் சுட்டுவார்கள். முதலில் வந்தது பொன், ஆகவே ஈட்டி பொன்னிறம். இதைக் கவனிக்காமல் ஈட்டிக்கு வேறு நிறம் கொடுத்து வரையப்பட்ட படங்கள் இன்றும் நினைவுப்பொருள் கடைகளில் விற்கின்றன.

விவரணை சரியாக எழுதப்பட்டதா என்று சோதிக்க ஒரு விதி உதவும். உலோகத்தின்மேல் உலோகமோ, நிறத்தின்மேல் நிறமோ வரக் கூடாது. பொன்னும் வெள்ளியும் உலோகம்; கறுப்பு, சிவப்பு, நீலம், பச்சை ஆகியவை நிறம். பொன்மேல் கறுப்புப் பட்டை, கறுப்பின்மேல் பொன் ஈட்டி, அதன் வெள்ளி முனையும் கறுப்பின்மேலேயே. விதி மூன்று இடத்திலும் பொருந்துகிறது. இரண்டே நிறமும் ஒரு முனையும் கொண்ட இவ்வளவு எளிய சின்னம் பழைய பிரபுக் குடும்பங்களின் சின்னம் போலத் தோன்றும். பின்னால் வந்த புகாருக்கு வித்திட்டதும் அந்த எளிமைதான்.

கேடயத்துக்கு மேலே முடிச்சின்னம்: சிறகு விரித்த வெள்ளி வல்லூறு, பொன் ஈட்டி ஒன்றைப் பிடித்தபடி நிற்கிறது. தாளின் மேற்பகுதியில் 'உரிமை இல்லாமல் அல்ல' என்று பொருள்படும் பிரெஞ்சு வாசகம். அதை எழுத்தர், பிரெஞ்சில் முதலில் வரும் 'இல்லை' என்ற சொல்லுக்குப் பின் காற்புள்ளி வைத்து எழுதி, அடித்து, கடைசியில் காற்புள்ளி இல்லாமல் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார். காற்புள்ளியோடு படித்தால் 'இல்லை, உரிமை இல்லாமல்' என்று மறுப்பாகிவிடும். விண்ணப்பத்தைக் காலேஜ் நிராகரித்த குறிப்பு இது என்று சிலர் வாதிட்டதற்கு இந்தக் காற்புள்ளிதான் காரணம். இடத்தைப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. வாசகம் குலச்சின்ன வரைபடத்தோடு சேர்ந்து வருகிறது, அதிகாரியின் முடிவு எழுதப்படும் இடத்தில் இல்லை.

வரைபடம் வண்ணமற்ற கோட்டோவியம். அந்தக் காலத்தில் நிறங்களைச் சுருக்கெழுத்தால் குறிப்பார்கள்: பொன்னுக்கு அதன் பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்து, கறுப்புக்கும் அப்படியே. நீலத்துக்கு மட்டும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்து, ஏனென்றால் நீலத்தின் பிரெஞ்சுப் பெயரும் வெள்ளியின் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கிக் குழப்பம் தரும். நிறங்களைப் புள்ளிகளாலும் கோடுகளாலும் காட்டும் முறை 1630-களில்தான் நிலைபெற்றது. ஷேக்ஸ்பியர் காலத்தது என்று யாராவது ஒரு தாளைக் காட்டி, அதில் பொன்னுக்குப் புள்ளியும் நீலத்துக்குப் படுக்கைக் கோடும் இருந்தால், அது பிற்காலத்தது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிடலாம்.

மூதாதை வளர்ந்த விதம்

சின்னம் வழங்கப்பட்டது கவிஞருக்கு அல்ல. அவருடைய தந்தை ஜான் ஷேக்ஸ்பியருக்கு. ஸ்ட்ராட்ஃபோர்டில் கையுறை செய்து விற்றவர், 1568-ல் அந்நகரின் பெய்லிஃப், அதாவது நகரத் தலைவர். வரைவின் தேதி 1596 அக்டோபர் 20. எழுதியவர் காலேஜில் கார்ட்டர் என்ற தலைமைப் பதவியிலிருந்த வில்லியம் டெதிக்.

சின்னம் பெற மூதாதைப் பெருமை வேண்டும். வரைவு சொல்வது: ஜானின் முன்னோர் ஏழாம் ஹென்றி அரசருக்கு வீரத்தோடும் விசுவாசத்தோடும் பணி செய்து பரிசு பெற்றனர். 1596 வரைவில் 'முன்னோர்' என்ற சொல்லோடு 'பாட்டனார்' என்ற சொல் செருகப்பட்டிருக்கிறது. 1599 வரைவுக்கு வந்தால் அதே ஆள் 'முப்பாட்டனார்' ஆகிவிடுகிறார். பரிசும் வளர்கிறது: 1596-ல் வெறும் உயர்வும் வெகுமதியும், 1599-ல் வார்விக்‌ஷர் பகுதியில் நிலங்களும் குடியிருப்புகளும்.

தலைமுறைக் கணக்கைப் போட்டால் திருத்தத்தின் காரணம் புரியும். ஏழாம் ஹென்றி ஆண்டது 1485 முதல் 1509 வரை. ஜானின் தந்தை ரிச்சர்ட், ஸ்னிட்டர்ஃபீல்டில் குத்தகைக்கு உழுதவர். 1561-ல் அவருடைய சொத்து மதிப்பிடப்பட்டபோது 38 பவுண்டு 17 ஷில்லிங் வந்தது. அரசரிடம் நிலம் பெற்றவரின் பேரனோ மகனோ குத்தகை நிலத்தில் உழுதது எப்படி என்ற கேள்விக்கு வரைவில் பதில் இல்லை. ஏழாம் ஹென்றி காலப் பதிவேடுகளில் அப்படி ஒரு நிலக்கொடையும் கண்டெடுக்கப்படவில்லை.

தாய்வழியிலும் இதே போக்குத்தான். ஜானின் மனைவி மேரி, வில்ம்கோட் ஊர் ராபர்ட் ஆர்டனின் மகள். ஒரு வரைவில் ராபர்ட் 'ஜென்டில்மேன்', அதாவது உயர்குடியினர், இன்னொன்றில் ஒரு படி மேலே 'எஸ்கொயர்'. ஒன்றில் மேரி 'மகளும் வாரிசும்', மற்றதில் 'மகளும் வாரிசுகளில் ஒருவரும்'. இந்த இரண்டாவது திருத்தம் நேர்மையானது: ராபர்ட்டுக்கு மகன் இல்லை, எட்டு மகள்கள், ஆகவே மேரி பல வாரிசுகளில் ஒருவர்தான். முதல் திருத்தம் அப்படி அல்ல. ராபர்ட்டைப் பத்திரங்கள் உழவர் என்றே சொல்கின்றன. ஜானின் தந்தை ரிச்சர்ட் உழுத நிலத்தின் உரிமையாளர் இதே ராபர்ட்தான் என்பது இந்த வம்சாவளியிலேயே மிக உறுதியான, ஆனால் வரைவுகள் சொல்லாத தகவல்.

இதனால் டெதிக்கைப் பொய்யர் என்று தள்ளிவிடக் கூடாது. விண்ணப்பதாரர் வாய்மொழியாகச் சொன்னதை அதிகாரி தன் அலுவலக நடைக்கு ஏற்ற சொற்றொடரில் பொருத்தினார். 'விசுவாசமான பணி', 'விவேகமிக்க அரசர்' எல்லாம் அலுவலக வாசகம். ஆய்வில் செய்ய வேண்டியது, அத்தகைய வாசகத்தை முழுவதும் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியில் பெயர், ஊர், உறவு, தொகை, ஆண்டு என்று எது நிற்கிறதோ அதை மட்டும் வேறு ஆவணத்தோடு ஒப்பிடுவது. ஒப்பிடும் ஆவணம், சின்னம் வழங்குவதால் லாபம் அடையாத ஒருவர் எழுதியதாக இருக்க வேண்டும். நீதிமன்றப் பதிவு, சொத்து மதிப்பீடு, நிலப் பத்திரம், தேவாலயப் பதிவேடு ஆகியவை அந்த வகை.

வரைவின் அடிக்குறிப்புகள்

1596 வரைவுகளில் ஒன்றின் அடியில் விண்ணப்பத்துக்கு ஆதரவாகச் சில குறிப்புகள் உள்ளன. தாளின் ஓரம் சிதைந்து சில சொற்கள் போய்விட்டாலும் சாரம் தெளிவு.

முதல் குறிப்பு: இருபது ஆண்டுகளுக்கு முன், காலேஜின் இன்னொரு உயர் பதவியான கிளாரன்சோவில் இருந்த குக், இதற்கு ஒரு மாதிரியைத் தாளில் வரைந்து கொடுத்தார். ராபர்ட் குக் 1567 முதல் 1593 வரை அந்தப் பதவியில் இருந்தவர், ஆகவே காலம் பொருந்துகிறது. குறிப்பு எழுதப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை, ஆகவே அவரைக் கேட்டுச் சரிபார்க்கவும் வழி இருந்திருக்காது. பொருந்தும், ஆனால் நிரூபணம் ஆகாது என்ற கட்டத்தில் வைக்க வேண்டிய செய்தி. 1576 வாக்கில் ஜானின் கை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என்பதால் நம்பத்தக்கதும்கூட.

இரண்டாவது: ஜான் பதினைந்து பதினாறு ஆண்டுகளுக்கு முன் நீதிபதியாகவும் பெய்லிஃபாகவும் இருந்தார். பதவி உண்மை. பெய்லிஃபாக இருப்பவர் அந்தப் பதவியாலேயே அமைதி நீதிபதியும் ஆவார், ஆகவே அதுவும் சரி. ஆண்டுக் கணக்கு மட்டும் தவறு. 1568-லிருந்து 1596-க்கு 28 ஆண்டுகள். அந்தப் பன்னிரண்டு ஆண்டு வித்தியாசம் சாதாரண மறதி அல்ல என்று நினைக்க இடமுண்டு: 1586-ல் நகர மன்றத்திலிருந்து ஜானை நீக்கியிருந்தார்கள், கூட்டங்களுக்கே வராமல் போனதற்காக. பதவிக்காலத்தைக் கிட்டத்தில் காட்டினால் அந்த வீழ்ச்சி கண்ணில் படாது.

மூன்றாவது: 500 பவுண்டு மதிப்புள்ள நிலபுலன் உண்டு. இதைப் பத்திரங்களோடு வைத்துப் பார்த்தால் கதை வேறு. 1578-ல் மேரியின் பரம்பரை நிலத்தை 40 பவுண்டுக்கு எட்மண்ட் லாம்பர்ட் என்ற உறவினரிடம் அடகு வைத்தார்கள். மீட்க முடியவில்லை. 1597-ல் லாம்பர்ட்டின் மகன்மேல் சான்சரி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். 1592-ல் தேவாலயத்துக்கு வராதவர்கள் பட்டியலில் ஜானின் பெயருக்கு எதிரே, கடனுக்காகப் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தால் வருவதில்லை என்று எழுதியிருக்கிறது. 500 பவுண்டு சொத்துக்காரர் கடன்காரருக்குப் பயந்து வீட்டில் இருந்தாரா?

ஹென்லி தெரு வீட்டின் பக்கத்திலிருந்த ஒரு குறுகிய நிலத் துண்டை ஜான் 50 ஷில்லிங்குக்கு விற்ற பத்திரம் இன்னும் கூர்மையான சான்று. அதன் தேதி 1597 ஜனவரி 26. குலச்சின்ன வரைவு எழுதி மூன்றே மாதம். பத்திரத்தில் ஜான் 'ஜென்டில்மேன்' அல்ல, 'யோமன்', அதாவது சொந்த நிலமுள்ள குடியானவர். உள்ளூர் எழுத்தருக்குப் புதுத் தகுதி இன்னும் எட்டவில்லை, அல்லது அவர் அதை ஏற்கவில்லை.

இங்கே தேதியில் ஒரு பொறி இருக்கிறது. அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-ல் தொடங்கியது. ஜனவரி 26 அவர்கள் கணக்கில் இன்னும் 1596. பத்திரங்கள் அரசியின் ஆட்சியாண்டையும் தரும். எலிசபெத்தின் ஆட்சியாண்டு நவம்பர் 17-ல் மாறும். ஆகவே 1596 அக்டோபர் 38-ஆம் ஆண்டு, அடுத்து வந்த ஜனவரி 39-ஆம் ஆண்டு. ஆட்சியாண்டைக் கணக்கிடாமல் '1596 ஜனவரி' என்று எடுத்துக்கொண்டால், விற்பனை சின்னத்துக்கு முன் நடந்ததாகிவிடும். 'யோமன்' என்ற சொல்லுக்கு அப்போது எந்தப் பொருளும் இருக்காது. ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான எந்த ஆங்கிலப் பத்திரத்துக்கும் இரண்டு ஆண்டையும் சேர்த்து 1596/7 என்று குறித்துக்கொள்வதே பாதுகாப்பு.

தந்தையின் கடன் நிலையைப் பார்த்தால், விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டியது லண்டனில் நாடகத்தில் சம்பாதித்துக்கொண்டிருந்த மகன் வில்லியம் என்று கொள்வதே பொருத்தம். 1597 மே மாதம் ஸ்ட்ராட்ஃபோர்டின் பெரிய வீடுகளில் ஒன்றை வாங்கியவரும் அவரே. தந்தையின் பெயரில் சின்னம் பெற்றால் மகன் பிறப்பாலேயே ஜென்டில்மேன் ஆவார். தன் பெயரில் பெற்றால் வாங்கிய தகுதி ஆகிவிடும். அந்தச் சின்னத்தை அடுத்துச் சுமக்க வேண்டிய ஒரே பேரன் ஹாம்னெட், வரைவுக்கு இரண்டு மாதம் முன்பு, 1596 ஆகஸ்ட் 11 அன்று அடக்கம் செய்யப்பட்டிருந்தான்.

1599: ஆர்டன் சின்னத்தைச் சேர்க்கும் முயற்சி

மூன்றாவது வரைவில் இரண்டு அதிகாரிகளின் பெயர்: டெதிக்கும், 1597-ல் கிளாரன்சோ ஆன வில்லியம் கேம்டனும். ட்ரென்ட் ஆற்றுக்குத் தெற்கே உள்ள மாவட்டங்கள் கிளாரன்சோவின் எல்லை. ஸ்ட்ராட்ஃபோர்ட் அதற்குள் வருகிறது. கார்ட்டர் தனியாக அங்கே சின்னம் வழங்கலாமா என்ற சச்சரவு காலேஜுக்குள் ஓயாமல் இருந்தது. கேம்டனின் பெயர் சேர்ந்ததை அந்தப் பின்னணியில் படிக்க வேண்டும்.

நோக்கம், ஷேக்ஸ்பியர் சின்னத்தோடு ஆர்டன் சின்னத்தை ஒரே கேடயத்தில் இணைப்பது. கேடயத்தைச் செங்குத்தாக இரண்டாகப் பிரித்து, பார்ப்பவருக்கு இடப்பாதியில் கணவன், வலப்பாதியில் மனைவி. சிக்கல் எந்த ஆர்டன் என்பதில் வந்தது. வார்விக்‌ஷரில் பார்க் ஹால் ஆர்டன்கள் பெருங்குடியினர். வரைபடக்காரர் முதலில் அவர்களுடைய சின்னத்தைத்தான் வலப்பாதியில் போட்டார். பிறகு அதைக் கீறி அடித்துவிட்டு, பக்கத்தில் வேறொன்றை வரைந்தார்: சிவப்பில் கூர்முனைச் சிலுவைகள் மூன்று, மேலே பொன் பட்டை, கூடவே ஒரு சிறு பறவை. மூன்று சிலுவைச் சின்னம் செஷர் பகுதியின் ஆர்டன்களுடையது. பறவை நான்காம் மகனின் கிளையைக் காட்டும் வேறுபாட்டுக் குறி.

மேரியின் தந்தை பார்க் ஹால் கிளை என்பதை நிரூபிக்க முடியாமல்தான் அதிகாரிகள் பின்வாங்கினார்கள் என்பது பலரின் கருத்து. 1583-ல் அக்குடும்பத்தின் தலைவர் எட்வர்ட் ஆர்டன் தேசத்துரோகக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். முதல் விளக்கமே வலுவானது என்பது எங்கள் தீர்ப்பு, ஏனென்றால் மாற்றாகப் போட்ட சின்னமும் வில்ம்கோட் குடும்பத்துக்குரியது என்று யாரும் காட்டியதில்லை. உள்ளூரில் உடனே கேள்வி கேட்கக்கூடிய குடும்பத்தை விட்டு, தூரத்துக் குடும்பத்துக்கு மாறியிருக்கிறார்கள்.

இணைப்பு நடைமுறைக்கு வந்ததா என்பதற்குக் கல்லே சாட்சி. ஸ்ட்ராட்ஃபோர்ட் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் கவிஞரின் நினைவுச் சின்னத்தில் ஷேக்ஸ்பியர் சின்னம் மட்டும் உள்ளது, ஆர்டன் இல்லை. மருமகன் ஜான் ஹாலின் கல்லறைக் கல்லில் ஹால் சின்னத்தோடு ஷேக்ஸ்பியர் சின்னம் இணைந்திருக்கிறது, அங்கேயும் ஆர்டன் இல்லை. வரைவில் இருப்பது நடந்தேறியது என்று எடுத்துக்கொள்ளாமல் கல்லறை, முத்திரை, கண்ணாடிச் சாளரம் ஆகியவற்றில் போய்ப் பார்ப்பது இதற்காகத்தான்.

புகாரும் பதிலும்

1602-ல் காலேஜில் யார்க் ஹெரால்ட் (குலச்சின்ன அதிகாரி) பதவியிலிருந்த ரால்ஃப் புரூக், தகுதியற்றவர்களுக்குச் சின்னம் கொடுத்ததாக 23 பேரைப் பட்டியலிட்டு டெதிக்மேலும் கேம்டன்மேலும் குற்றம் சாட்டினார். ஷேக்ஸ்பியர் அதில் ஒருவர். புரூக் நடுநிலைச் சாட்சி அல்ல. கிளாரன்சோ பதவி தனக்குக் கிடைக்காமல் கேம்டனுக்குப் போன ஆத்திரத்தில் இருந்தவர், கேம்டனின் நூலில் உள்ள வம்சாவளிப் பிழைகளைத் தொகுத்து 1599-ல் அச்சிட்டவர். 1616-ல் லண்டனின் தூக்குப்போடும் ஊழியருக்கே அரகோன் அரசச் சின்னத்தை வழங்கும்படி அப்போதைய கார்ட்டரை ஏமாற்றி, அதன் விளைவாகத் தானும் சிறை போனார்.

அதிகாரிகளின் பதில் கையெழுத்தில் கிடைக்கிறது. அதிலிருந்தே புகாரின் சாரத்தைக் கட்டியெழுப்ப முடிகிறது: பொன்மேல் கறுப்புப் பட்டை என்பது மாலி பிரபுவின் சின்னம், ஷேக்ஸ்பியர் அதை அபகரித்தார். பதில் இப்படி வாதிடுகிறது: அப்படியானால் பொன்மேலோ வெள்ளிமேலோ கறுப்புப் பட்டை வைத்திருக்கும் ஹார்லி முதலான எல்லோருமே மாலியின் சின்னத்தை அபகரித்தவர்கள்தானே, பட்டைமேல் உள்ள ஈட்டி போதுமான வேறுபாடு, பெற்றவர் நகரில் பதவி வகித்தவர், ஆர்டன் வாரிசை மணந்தவர், அந்த நிலைமையைத் தாங்கும் வசதி உள்ளவர்.

குலச்சின்ன விதிப்படி இந்தப் பதில் சரி. ஒரு பட்டைமேல் பொருள் ஒன்றைச் சேர்ப்பது அங்கீகரிக்கப்பட்ட வேறுபாடு. ஈட்டி (ஆங்கிலத்தில் 'ஸ்பியர்') குடும்பப் பெயரையும் ஒலிப்பதால் அது தற்செயலாக ஒட்டிய அலங்காரமும் அல்ல. ஆனால் ஒரு வாதம் பதிலில் வரவே இல்லை. ஏழாம் ஹென்றிக்குப் பணி செய்த மூதாதை காணாமல் போய்விட்டார். மூன்று ஆண்டு முன்பு வரைவில் நிலக்கொடை பெற்றிருந்த முப்பாட்டனாரைப் பற்றி, எதிராளி கேள்வி கேட்கும் இடத்தில் அதிகாரிகள் வாய் திறக்கவில்லை. சரிபார்க்கக்கூடிய மூன்றை மட்டும் வைத்தார்கள்: பதவி, திருமணம், வசதி. அந்த மூதாதைக் கதையின் மதிப்பு என்ன என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

'நாடகக்காரர்' என்ற சொல் யாருடையது

வாஷிங்டன் ஃபோல்ஜர் நூலகத்தில் உள்ள ஒரு கையெழுத்துப்படியில் இந்தச் சின்னத்தின் கோட்டோவியத்தோடு 'நாடகக்காரர் ஷேக்ஸ்பியர், கார்ட்டர் வழங்கியது' என்ற குறிப்பு உள்ளது. புரூக்கின் ஏளனச் சொல் என்று இதைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். கவனிக்க வேண்டியது, இது 1602-ல் எழுதிய தாள் அல்ல. 1700 வாக்கில் எடுக்கப்பட்ட பிரதி. அதற்குள் கவிஞரின் புகழ் பரவிவிட்டது. பெயரைப் பார்த்ததும் பிரதி எடுத்தவர் 'நாடகக்காரர்' என்று தானே சேர்த்திருக்கலாம் என்ற ஐயம் நியாயமானது.

அந்த ஐயத்தைத் தீர்க்க, பிரதியையே மேலும் மேலும் உற்றுப் பார்ப்பதில் பயனில்லை, அதே காலத்துச் சுதந்திரமான பதிவுகள் வேண்டும். ஃபோல்ஜரின் கையெழுத்துப்படிக் காப்பாளர் ஹெதர் வுல்ஃப் 2016-ல் வெளிக்கொண்டுவந்தவை அத்தகையவை: பதினேழாம் நூற்றாண்டுச் சின்னத் தொகுப்புகளில் அதுவரை அறியப்படாத சுமார் ஒரு டஜன் ஷேக்ஸ்பியர் சின்னப் பதிவுகள். அவற்றில் சிலவற்றில் சின்னம் தந்தை ஜானின் பெயரில் இல்லாமல் மகன் வில்லியமின் பெயரிலேயே வருகிறது, தொழிலோடு. காகிதத்தில் தந்தை, ஹெரால்டுகளின் மனதில் மகன்.

நடிகர்கள் சின்னம் தேடிய போக்கும் அக்காலத்தில் பேசுபொருளாகவே இருந்தது. ரூஜ் டிராகன் என்ற பதவியிலிருந்த வில்லியம் ஸ்மித், ஷேக்ஸ்பியரின் கம்பெனியைச் சேர்ந்த பிலிப்ஸ், போப் என்ற இரு நடிகர்கள் அதே பெயர் கொண்ட பிரபுக்களின் சின்னங்களைத் தமதாக்கிக்கொண்டதாக எழுதி வைத்திருக்கிறார். ஒரே பெயர் இருந்தால் ஒரே குலம் என்று காட்டிக்கொள்வது அன்றும் நடந்திருக்கிறது.

இன்று இந்தச் சின்னத்தைக் கேட்பவர்களுக்கு

1596-ன் வரைவுகளையும் 1599-ன் வரைவையும் ஃபோல்ஜர் நடத்தும் ஆவணத் தளத்தில் பெரிய அளவுப் படமாகக் காணலாம். எழுத்து அந்தக் காலச் செயலர் கையெழுத்து. அதில் ஆங்கில 'e' எழுத்து இன்றைய 'e'-யைத் திருப்பிப் போட்டது போலவும், நீண்ட 's' எழுத்து 'f' போலவும் தெரியும். நன்கு தெரிந்த ஊர்ப்பெயர்களை முதலில் கண்டுபிடித்து, அவற்றிலிருந்து அந்த எழுத்தரின் எழுத்து வடிவங்களை ஒரு தனித் தாளில் பெயர்த்து வைத்துக்கொண்டு மற்ற சொற்களுக்குப் போவது வேகமான வழி. வரைவை அப்படியே படித்து அச்சிட்ட பெயர்ப்புகளை நம்பலாம், ஆனால் அடித்த சொற்களைப் பெயர்ப்பில் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார்களா, விட்டுவிட்டார்களா என்று முன்னுரையில் பார்த்துக்கொள்ள வேண்டும். விட்டிருந்தால் அந்தப் பெயர்ப்பு இந்த வேலைக்கு உதவாது.

ஷேக்ஸ்பியர் என்ற குடும்பப் பெயர் கொண்டவர்களுக்கு இந்தச் சின்னத்தை அச்சிட்டு விற்கும் கடைகள் உண்டு. ஆங்கிலச் சட்டத்தில் சின்னம் குடும்பப் பெயருக்கு உரியதல்ல. பெற்ற நபருக்கும் அவருடைய ஆண்வழிச் சந்ததிக்கும் உரியது. ஜானின் மகன்களில் எட்மண்ட் 1607-லும், கில்பர்ட் 1612-லும், ரிச்சர்ட் 1613-லும், வில்லியம் 1616-லும் இறந்தார்கள். ஒருவருக்கும் உயிரோடிருந்த முறையான மகன் இல்லை. வில்லியமின் ஒரே பேத்தியும் கடைசி நேர் வாரிசுமான எலிசபெத் 1670-ல் குழந்தையின்றி இறந்தார். டெதிக் வரைந்த பொன் ஈட்டியை ஆண்வழியில் சட்டப்படி சுமந்த கடைசி மனிதர் வில்லியம் ஷேக்ஸ்பியர், சின்னம் கிடைத்து இருபது ஆண்டு நிறைவதற்குள்.